காதைப் பார்த்துத் தூக்கிவந்த நாய்க்குட்டி

ஒரு காட்டில் பெரிய கோபக்காரி யார் என்று கேட்டால், எறும்புகூட வடிவின் வளைப் பக்கம்தான் கை காட்டும். வடிவு ஒரு முள்ளம்பன்றி. நாவல் மரத்து வேருக்கடியில் வளை தோண்டிக் குடியிருந்தாள். இரவெல்லாம் கிழங்கு தேடி அலைவாள்; பகலெல்லாம் தூங்குவாள். அந்தத் தூக்கத்தைக் கெடுத்தவர்களை அவள் லேசில் விட்டதில்லை.

அதே மரத்தின் உச்சியில் சிங்காரி என்ற மந்தி கைக்குழந்தையோடு இருந்தாள். பேருக்கேற்ற சிங்காரிதான். மயிலிறகு கிடைத்தால் தலையில் செருகிக்கொள்வாள். பளபளக்கும் காகிதம் கிடைத்தால் கழுத்தில் சுற்றிக்கொள்வாள். அழகாக எதைப் பார்த்தாலும் அது தன்னிடம் இருந்தாக வேண்டும் அவளுக்கு.

ஒரு நாள் காட்டோரத்துப் பங்களாவில் ஒரு தாய் நாய் குட்டிகளோடு படுத்திருந்ததைச் சிங்காரி பார்த்தாள். பாசெட் ஹவுண்டு என்று பங்களாக்காரர்கள் சொல்லும் இனம். கட்டைக் கால், நீண்ட முதுகு, தரையைக் கூட்டுகிற காது. குட்டிகளில் ஒன்று தன் காதைத் தானே மிதித்துக் குப்புற விழுந்தது. சிங்காரிக்கு ஆசை தாங்கவில்லை.

"இதை நான் வளர்க்கறேன், குடு," என்றாள்.

"தாராளமா கொண்டு போ. ஆனா எங்க இனம் கொஞ்சம் வேற மாதிரி. உக்காரு, நாலு விஷயம் சொல்றேன்," என்றது தாய் நாய்.

"நாய் வளர்க்கத் தெரியாதா எனக்கு?" என்று சொல்லிக்கொண்டே சிங்காரி குட்டியை இடுக்கிக்கொண்டு மரமேறிவிட்டாள். தாய் நாய் கத்திக்கொண்டே பின்னால் ஓடியது. அந்தக் கட்டைக் காலுக்குச் சிங்காரி எட்டுவாளா?

காது லோலாக்கு மாதிரித் தொங்கியதால் குட்டிக்கு லோலாக்கு என்றே பேர் வைத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாகப் போய்க் காட்டினாள். பார்த்த குரங்குகளெல்லாம் காதைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தன. எல்லோரும் பார்த்து முடித்தார்கள். சிங்காரிக்கு ஆசையும் முடிந்தது.

அதன் பிறகு விடிந்ததும் குட்டியை மரத்தடியில் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு தளிர் தின்னப் போய்விடுவாள். லோலாக்குக்கோ தனிமை ஆகாது. பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அழும். அழுகை என்றால் சின்ன அழுகையா? நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பும் ஊளை, ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும்.

வளைக்குள் வடிவு புரண்டு புரண்டு படுத்தாள். காதில் இலையை அடைத்துப் பார்த்தாள். வளை வாயில் மண்ணைக் குவித்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் உச்சி வெயிலில் அவளுக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"இன்னிக்கு இதுக்கு ஒரு வழி பண்ணாம விடமாட்டேன்," என்று முள்ளெல்லாம் சிலிர்க்க வெளியே வந்தாள்.

வந்தவள் அப்படியே நின்றாள். குட்டியின் காது நுனியில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. காதின் உட்புறம் சிவந்து நாற்றமெடுத்திருந்தது; அதில் எறும்பு ஊர்ந்தது. கிடைத்ததையெல்லாம் தின்று வயிறு உப்பியிருந்தது. பின்னங்கால் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நிலைமையிலும் அது வடிவைப் பார்த்து வாலை ஆட்டியது.

வடிவின் கோபம் அங்கேயே திரும்பியது. குறைந்துவிடவில்லை. ஆள்தான் மாறியது.

எறும்புகளை ஊதி விரட்டிவிட்டு, சிங்காரி வரும்வரை அவள் குட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஊளை நின்றுவிட்டது.

சாயங்காலம் சிங்காரி வந்தாள். "அடியே, இது கால் என்னடி ஆச்சு?" என்று வடிவு ஆரம்பித்தாள்.

"அதை ஏன் கேக்கறே வடிவக்கா. கிளையிலேருந்து குதின்னேன். இந்தச் சின்ன உயரம்கூடக் குதிக்கத் தெரியலை அதுக்கு."

"அந்த முதுகு நீளத்துக்கும் கால் குட்டைக்கும் அது குதிக்கிற உடம்பா? கண்ணு எங்கே வச்சிருந்தே?"

"நான் என்ன கண்டேன்? கூப்பிட்டா வருதா பாரு. மூக்கைத் தரையில வச்சுதுன்னா மோப்பம் போற பக்கமே போகுது. இடி விழுந்தாலும் நிமிராது. எச்சில் வேற ஒழுகுது. காது நாத்தம் கிட்டப் போக முடியலை. எனக்கு அலுத்துப்போச்சு. நாளைக்குக் காலையில ஆத்து நடுவுல இருக்கிற திட்டுல விட்டுட்டு வந்துடப் போறேன். யாராவது பாத்துக்கட்டும்."

யார் பார்த்துக்கொள்வார்கள்? அந்தத் திட்டில் முதலைகள் வெயில் காயும். தண்ணீரில் இறங்கினாலோ, அந்தக் கனத்த உடம்பைத் தூக்கி நீந்த அந்தக் காலால் ஆகாது. இது தெரிந்துதான் சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா? எதுவானாலும் வடிவின் முள் தானாக எழுந்தது. ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து முள்ளால் இவளைத் தைத்துவிடலாம். தைத்தால் சிங்காரி மரமேறிப் போவாள், குட்டியையும் தூக்கிக்கொண்டு போவாள். அதனால் வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளைப் படியவைத்தாள். குரலில் சர்க்கரையைக் கலந்தாள்.

"போகட்டும் விடு. உன் குழந்தையை எனக்குக் குடுத்துடேன்."

"என்னது?"

"அது வால் எவ்வளவு நீளம், எவ்வளவு அழகு. பாத்துப் பாத்து ஆசையா இருக்கு. என் வளையில வச்சு வளர்க்கறேன்."

சிங்காரி குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "உனக்குப் பைத்தியமா? வளைக்குள்ளே வச்சா மூச்சு முட்டிச் செத்துப்போகும். இது கிளையில தொங்கற குழந்தை."

"பழகிக்கும்."

"என்ன பழகறது? இது என்ன தின்னும்னு தெரியுமா உனக்கு?"

"கிழங்கு கடிக்கட்டும்."

"பல்லே முளைக்கலை! ஒரு நிமிஷம் என்னை விட்டு இருக்காது. உடம்புக்கு முடியலைன்னா எங்கே தடவணும், எப்படிப் பிடிக்கணும், எதாவது தெரியுமா? பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? வாலைப் பாத்தாளாம், தூக்கிட்டுப் போறாளாம்!"

"எதுக்குக் கேக்கணும்? வாலைப் பாத்தேன், பிடிச்சிருக்கு. நீ காதைப் பாத்துத்தானே தூக்கிட்டு வந்தே?"

சிங்காரியின் பார்வை குட்டியின் பக்கம் போனது. லோலாக்கு அவள் காலடிக்கு வந்து, வலிக்கிற காலைத் தூக்கிக்கொண்டு, அப்போதும் வாலை ஆட்டியது.

"சரி, நீயே இதை வச்சுக்கோ அக்கா," என்றாள் கடைசியில், தரையைப் பார்த்தபடி.

"என்கூடவா? தூக்கத்துல ஒரு தடவை புரண்டேன்னா அந்தக் காது சல்லடையாயிடும். எனக்கு ஆகாததை நான் தொடமாட்டேன். விடிஞ்சதும் நீ இதை அது தாய்கிட்டக் கொண்டுபோய் விடறே. மரத்து மேலே தாவிப் போகக் கூடாது, இன்னொரு தடவை விழுந்தா முதுகு போயிடும். தரையில, அதோட நடையில, பக்கத்துலயே நடந்து போ. நானும் வரேன்."

மறுநாள் அப்படியே நடந்தார்கள். லோலாக்கு புதருக்குப் புதர் நின்று மோந்தது. நொண்டி நொண்டிக் கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்தது. மறுபடி எழுந்து, வேறு ஏதோ வாசனையின் பின்னால் போனது. சிங்காரி குனிந்து குனிந்து அதைத் திருப்பினாள். மேலே மரங்களில் குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. அவள் கழுத்தில் இருந்த பளபளக்கும் காகிதம் முள்ளில் மாட்டிக் கிழிந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பங்களா வேலிக்குள் நுழைந்ததும் தாய் நாய் ஓடி வந்தது. குட்டியைக் கீழே சாய்த்து, காதை மூக்கால் புரட்டி, நக்கிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. பிறகு முதுகை மெல்ல மோந்தது. குட்டி முனகியது.

"சரியாயிடுமா?" என்று கேட்டாள் சிங்காரி.

"காது ஆறிடும். கால் இழுக்கறது முதுகுல பட்ட அடியால. அது எப்படின்னு சொல்ல முடியலை," என்றது தாய் நாய். சொல்லிவிட்டு மறுபடி காதை நக்கத் தொடங்கியது.

திரும்பும் வழியெல்லாம் வடிவு முள்ளைச் சிலிர்த்தபடியே முன்னால் நடந்தாள். நாவல் மரம் கண்ணில் பட்டதும் சிங்காரிக்குப் பொறுக்கவில்லை.

"அதான் கொண்டுபோய் விட்டுட்டேனே அக்கா. இன்னும் கோபம் போகலையா?"

"அந்தக் குட்டி நேரா நடக்கற அன்னிக்கு வந்து கேளு," என்று சொல்லிவிட்டு வடிவு வளைக்குள் போய்விட்டாள்.

நீதி: ஓர் உயிரை வளர்க்க ஆசைப்படுகிறவர், அதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டறிந்த பிறகே அதைக் கையில் எடுக்க வேண்டும்.