வெள்ள மணியின் இரண்டாம் பகுதி

மருதங்காட்டில் மின்னணுக் கருவிகளைப் பற்றி இரண்டு பத்திரிகைகள் வெளிவந்தன. வானொலி, மணி, விளக்கு என்று வீட்டிலேயே செய்து பார்க்கும் விலங்குகள் அவற்றை விரும்பிப் படித்தன. பெரிய பத்திரிகை ‘மின்காடு’. அதன் ஆசிரியர் கரடி. சிறியது ‘கம்பிச்சுருள்’. அதைத் தூக்கணாங்குருவி தனியாகவே நடத்தி வந்தது.

எழுதுவது, படம் வரைவது, அச்சடிப்பது என்று எல்லாவற்றையும் ஒற்றையாகச் செய்து குருவி களைத்துப்போனது. சேர்ந்து நடத்தலாம் வா என்று கரடி கூப்பிட்டது. குருவியும் சந்தோஷமாகச் சம்மதித்தது. இனி ஒரே பத்திரிகை, ஊரெல்லாம் வாசகர்கள் என்று கரடி சொல்லித் திரிந்தது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ‘கம்பிச்சுருள்’ கடைசி இதழில் குருவி ‘வெள்ள மணி’ செய்முறையின் முதல் பகுதியை வெளியிட்டிருந்தது. ஆற்றுநீர் வளைக்குள் நுழைந்தால் தானே ஒலிக்கும் மணி அது. மீதி அடுத்த இதழில் வரும் என்றும் சொல்லியிருந்தது.

அந்த மீதியைக் கரடி ஓரமாக வைத்துவிட்டது. தன் வாசகர்கள் முதல் பகுதியைப் படிக்கவே இல்லையே, பாதியிலிருந்து கொடுத்தால் அவர்களுக்கு என்ன புரியும் என்று கேட்டது. மீதி வரவேண்டிய பக்கத்தில் கரடியும் குருவியும் சேர்ந்து நிற்கும் வண்ணப்படம் வந்தது.

புது இதழ் வெளியான மறுநாள், ஆற்றங்கரைக் கீரி கரடியின் குகைக்கு வந்தது. கையில் பாதி செய்த மணி. முதுகில் இரண்டு குட்டிகள். வானம் வேறு கறுத்துக் கிடந்தது.

“கரடியாரே, புது இதழை அனுப்ப என் முகவரியைக் குருவியிடமிருந்து மறக்காமல் வாங்கிக்கொண்டீர்கள். என் மணியின் மீதியை எங்கே விட்டீர்கள்?”

“அது பழைய பத்திரிகையில் வந்தது, கீரியம்மா. இது புதுப் பத்திரிகை. எங்கள் படத்தைப் பார்த்தீர்களா?”

“பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. வளைக்குள் தண்ணீர் வந்தால் அந்தப் படம் கத்துமா? உங்களுக்கென்ன, குகை மேட்டில் இருக்கிறது.”

கரடி வெளியே எட்டிப் பார்த்தது. முயல், உடும்பு, வயலெலி என்று ஆற்றங்கரையே திரண்டு நின்றது. எல்லார் கையிலும் ஊமை மணிகள். கரடிக்கு வெட்கமாகிவிட்டது. மீதி எங்கே என்று பக்கத்தில் இருந்த குருவியிடம் மெல்லக் கேட்டது.

“எழுதித் தயாராக வைத்திருக்கிறேன்” என்றது குருவி. “நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள்.”

“முதல் பகுதியையும் சேர்த்தே அச்சடிப்போம். என் வாசகர்களும் செய்துகொள்ளட்டும்.”

அன்றே தனித்தாள் அச்சானது. மை காய்வதற்குள் கீரி அதை வாங்கிக்கொண்டு ஓடியது.

அந்த வாரமே ஆறு பெருகியது. கீரி இரை தேடிப் போயிருந்த ஒரு மத்தியானம், குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்த வளைக்குள் தண்ணீர் புகுந்தது. மணி அலறியது. கீரி பாய்ந்து வந்து குட்டிகளை வாரிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. கரடியின் குகைதான் முதலில் கண்ணில் பட்டது.

ஈரக் குட்டிகள் கரடியின் வயிற்றில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டன. மழை விடும்வரை கரடி அசையவே இல்லை.

ஒருவரோடு கூட்டுச் சேர்கிறவர், அவர் கொடுத்திருந்த வாக்கையும் தன் வாக்காக எண்ணிக் காப்பாற்ற வேண்டும்.