கரடி கேட்ட பதினைந்து நாள்

கரடிக்கு நடந்தது அநியாயம். நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தவளைச் சோம்பேறி என்று ஏசி, அவளுக்குச் சேர வேண்டிய உவர்மண்ணைப் பிடுங்கிக்கொண்டார்கள். செய்தது புலியோ சிறுத்தையோ இல்லை. அவள் தோண்டிய ஊற்றில் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள்தான்.

கோடையில் அந்தக் காட்டாறு வற்றிவிடும். மணலைத் தோண்டினால்தான் தண்ணீர். தினமும் தோண்டியது கரடி. அன்றன்றைக்கு ஊற்றில் வேலை செய்தவர் மட்டுமே கரையிலிருக்கும் உப்புச் சத்துள்ள உவர்மண்ணை நக்கலாம் என்பது காட்டு வழக்கம். மேற்பார்வையும் வேலைதான் என்று சொல்லி, தலைவர் காட்டுப்பன்றியும் நக்கிக்கொள்வார்!

ஒருநாள் கரடி சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. வைத்தியர் மரங்கொத்தி வந்து அவள் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார்.

"சர்க்கரை நோயம்மா! தேன், இலுப்பைப்பூ, ஆலம்பழம் எல்லாவற்றையும் நிறுத்து. கறையானும் முட்டையும் சாப்பிடு."

"உடம்பில் தெம்பு இருக்குமா வைத்தியரே?"

"முதலில் இருக்காது. இத்தனை வருஷம் இனிப்பையே எரித்த உடம்பு, கொழுப்பை எரிக்கப் பழக வேண்டாமா? ஒரு பதினைந்து நாள் தலை வலிக்கும், கால் தள்ளாடும். தண்ணீர் நிறையக் குடி, உப்பு நக்கு, வேலையைக் குறை. அப்புறம் பார், பழையபடி தோண்டுவாய்!"

இனிப்பை நிறுத்திய நான்காம் நாள். பாதிப் பள்ளத்தில் கரடிக்குக் கண் இருட்டியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன கரடியக்கா, பள்ளத்துக்குள்ளேயே படுக்கையா?" என்றது மரத்திலிருந்த குரங்கு. "ஒல்லியாகி யாரை மயக்கப்போறே?"

"ஒரு வாய் தேன் குடிச்சா எல்லாம் சரியாயிடும். எங்க சித்திக்கு அப்படித்தான் சரியாச்சு!" என்றது மான். அந்தச் சித்தி செத்து ஆறு மாதம் ஆகிறது. அதை மான் சொல்லவில்லை.

"தலைவரே, பதினைந்து நாள் பொறுங்க," என்றாள் கரடி. "கொஞ்சம் உவர்மண் மட்டும் நக்கிக்கிறேன்."

"தோண்டாதவளுக்கு உப்பா? வழக்கம்னா வழக்கம்!"

"உப்பு இருந்தாத்தானே தெம்பு? தெம்பு இருந்தாத்தானே தோண்டுறது? வைத்தியரையே கேளுங்க!"

"மரத்தைத் தட்டுறவனுக்கு உடம்பைப் பத்தி என்ன தெரியும்?" என்று உறுமினார் பன்றி.

பன்றிக்கும் நிலத்தைக் கிளறும் மூக்கு உண்டு. ஆனால் தலைவர் தோண்டுவாரா?

ஏழாம் நாள் குட்டிகள் தாகத்தில் அழுதன. எல்லோரும் ஒரு முழுத் தேனடையைக் கொண்டுவந்து கரடியின் முன்னால் வைத்தார்கள்.

"இதைத் தின்னுட்டுத் தோண்டு. இல்லேன்னா இந்தக் குட்டிகள் செத்த பாவம் உன்னோடது!"

கரடி மான்குட்டியைப் பார்த்தாள். தேனைத் தின்றாள். இறங்கித் தோண்டினாள். தண்ணீர் பீறிட்டது!

"இப்பத்தான் எங்க பழைய கரடி!" என்று குதித்தது குரங்கு.

அன்றிலிருந்து தினமும் தேன், தினமும் தோண்டல். ஒருநாள் கல் கிழித்து முன்னங்காலில் புண் வந்தது. சர்க்கரை ஏறிய உடம்பில் புண் ஆறவில்லை. கால் அழுகியது. நகங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, மரங்கொத்தியைத் தவிர.

அடுத்த கோடையில் பன்றி, குரங்கு, மான் மூவரும் கரடியின் குகை வாசலில் வந்து நின்றார்கள்.

"கரடியம்மா, ஆறு வறண்டு போச்சு. நீதான் கதி. வேணும்னா ஒரு மாசம் ஓய்வெடுத்துக்கோ. நாங்க காத்திருக்கோம்!" என்று குழைந்தார் பன்றி.

கரடி நகமில்லாத காலை வெளியே நீட்டினாள். மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நோய் என்னை விட்டுப் போயிட்டிருந்தது. நீங்கதான் கூப்பிட்டு உட்கார வச்சீங்க," என்றாள் அவள். "இப்ப நல்லாக் கேட்டுக்கோங்க: தேறி வர்ற உடம்போட களைப்பைச் சோம்பல்னு ஏசுறவன், அந்த நோய்க்குத்தான் துணை போறான்!"