உப்புக்குழி

மேலக்காவூர் ஜமீன் காட்டில் மானுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்த சடையாண்டி, அறுபது வயதில் அந்த வேலையைத் தலைமுழுகிவிட்டுப் பாறையடிச் சாமியிடம் சீடனாகச் சேர்ந்தான். சாமிக்கு நாற்பதுகூட இருக்காது. ஊர் சிரித்தது. சடையாண்டி கண்டுகொள்ளவில்லை.

ஆனால் காட்டுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் மட்டும் அவன் கை சோற்றிலேயே நின்றுவிடும்.

ஒருநாள் கேட்டேவிட்டான்.

"சாமி, நான் ஒரு மானைக்கூடச் சுட்டதில்லை. உப்பு வச்சேன், அவ்வளவுதான். உப்பு மானுக்கு நல்லது. கொம்பு திடமா வளரும். குட்டி போட்டதுக்குப் பால் ஊறும். சுட்டது எசமான். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டா?"

"உப்பை எங்க வச்சே?"

"எசமான் உட்கார்ந்து சுடுற பரணுக்கு நேர் கீழ."



"இப்ப யாரு வைக்காங்க?"

"யாரும் வைக்க வேண்டாம் சாமி. நான் வருசக்கணக்கா வச்ச உப்பு மண்ணுல இறங்கிக் கிடக்கு. மழைக்கும் போகாது. மானுங்க நக்கி நக்கி அந்த இடமே குழியாயிட்டு. இன்னைக்கும் சாயங்காலம் கூட்டமா வரும். எசமான் வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்க."

"அப்ப நீ இன்னும் வேலையை விடலை."

சடையாண்டிக்குச் சுருக்கென்றது. "என்ன சாமி இப்படிச் சொல்லுதீங்க? விட்டுட்டுத்தானே இங்க வந்தேன்?"

"நீ வந்துட்டே. உன் உப்பு அங்கேயே நிக்குதே."

சாமி எழுந்தார். மடத்து மண்வெட்டியை அவன் கையில் கொடுத்தார். கூடையைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

உச்சி வெயிலில், ஒளியாமல் மறையாமல், காவல்காரன் பார்க்கப் பார்க்க நடுப்பாதை வழியே ஜமீன் காட்டுக்குள் நடந்தார்கள். காவல்காரன் அரண்மனைக்கு ஓடினான்.

சடையாண்டி வெட்டினான். சாமி அள்ளிக்கொண்டுபோய் ஓடையில் கொட்டினார். உப்பேறிய மண் தண்ணீரில் கரைந்து போனது. பொழுது சாயும் முன்பே துப்பாக்கியோடு ஜமீன்தார் வந்துவிட்டார். பின்னால் விருந்தாளிகள்.

"ஏலே சடையா! கிழட்டுப் பயலே! யார் மண்ணை யாருலே வெட்டுதது?"

சாமிதான் பேசினார்.

"மண்ணு உங்களுது. உப்பு இவன் போட்டது. உப்பைத்தான் எடுக்கோம்."

"உப்பும் என் உப்புதான் ஓய்! இவன் அப்பன் வீட்டுதா?"

"அப்படியா? தெரியாமப் போச்சே. ஓடையில கொட்டியிருக்கோம். போய் அள்ளிக்கிடும்."

விருந்தாளிகளில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். அதுதான் வினை. ஜமீன்தாரின் முகம் கறுத்தது. விறுவிறுவென்று பரணில் ஏறினார்.

"குழியைவிட்டு வெளியே வாங்கலே, ரெண்டு பேரும்!"

துப்பாக்கியின் குதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. சடையாண்டி தலையைத் தூக்கிப் பார்த்தான். அந்தப் பரணைக் கட்டியவனே அவன்தான். மேலே உட்கார்ந்து இந்தக் குழியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். குழிக்குள் நின்று பரணைப் பார்த்தது இல்லை. குழல் வாய் கறுப்பாக, வட்டமாகத் தெரிந்தது.

"சாமி... குறி வச்சுட்டாரு. சுட்டுருவாரோ?"

சாமி மேலே பார்க்கவில்லை. கூடையை அவன் காலடியில் வைத்தார்.

"இந்தக் குழிக்கு வந்த யாரும் அதைக் கேட்டதில்லை. கூடை காலியா இருக்கு. வெட்டு."