ரயில் வாசலில் விட்ட பூட்ஸ்

எசக்கிமுத்து, நல்லபெருமாள், பட்டமுத்து என்று மூன்று வாலிபர்கள். திருநெல்வேலிப் பக்கம். தமிழ் படித்தவர்கள், அதைத் தவிர வேறு குற்றம் எதுவும் செய்யாதவர்கள். எஸ்தோனியாவில் ஒரு பள்ளிக்கூடம் தமிழ் சொல்லித்தர ஆள் தேடி, ஊர் உலகத்தில் வேறு ஆளே இல்லாததுபோல் இவர்களைப் பிடித்தது.

போனதும் ஒரு மாதிரி வகுப்பு நடத்தவேண்டும். தலைமையாசிரியைக்குப் பிடித்தால் ஒரு வருஷ வேலையும் விசாவும். இல்லையென்றால் அடுத்த விமானத்தில் ஊர். ஊரிலோ மாலை போட்டு, பிளெக்ஸ் வைத்து வழியனுப்பியிருந்தார்கள். பிளெக்ஸைக் கழற்றுவதற்குள் எந்த மூஞ்சியோடு திரும்புவது?

வந்த அன்றே பனி அப்பிய பூட்ஸோடு வாடகை வீட்டுக்குள் நுழைந்தார்கள். வீட்டுக்காரம்மா அலறிவிட்டாள். இந்த நாட்டில் எந்த வாசலானாலும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். நம்மவர்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, அடுத்த ஊரிலிருக்கும் பள்ளிக்குப் போக ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. மூவரும் பிளாட்பாரத்தில் பூட்ஸை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து ஏறினார்கள்.

அரை மணி கழித்து இறங்கிப் பார்த்தால் பூட்ஸைக் காணோம்.

"ரயில் வாசல்லதானல விட்டோம்?" என்றான் பட்டமுத்து.

"ஆமா. இதான் அந்த வாசல்," என்றான் எசக்கிமுத்து.

"அப்பொ பூட்ஸ் எங்கல?"

நல்லபெருமாள் எம்.ஃபில். நிதானமாக யோசித்துத்தான் சொல்லுவான். "நாம ஏறுன அவசரத்துல அது ஏறலல. அடுத்த ரயில்ல வரும்."

காத்திருக்க நேரமில்லை. வெறுங்காலோடு பனியில் ஓடினார்கள்.

"பூட்ஸ் எங்கே?" என்று கேட்டாள் தலைமையாசிரியை.

"வாசலில் விட்டுவிட்டு வந்தோம்," என்றான் பட்டமுத்து. பொய்யில்லையே.

தமிழைக் கோயிலாக நினைத்து வெறுங்காலோடு நிற்கிறார்கள் என்று அவளே முடிவுகட்டி உருகிப்போனாள். பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்கவில்லை. வாத்தியார்களின் பாதம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை கிடைத்துவிட்டது.

சாயங்காலம் திரும்பி வந்து இறங்கினால், ஆறு பூட்ஸும் வைத்த இடத்திலேயே வரிசையாக நின்றன.

"பாத்தியால, நமக்கு முன்னாடியே வந்துட்டு!" எசக்கிமுத்துவுக்குக் கண் கலங்கியது.

நல்லபெருமாள் முகம் வெளுத்தது. "ஏல, இதுக்கு டிக்கெட்டு யாருல எடுத்தா?"

டிக்கெட் இல்லாப் பயணம்! பிடிபட்டால் விசா போச்சு, வேலை போச்சு, பிளெக்ஸும் போச்சு.

"ஜோடிக்கு ஒண்ணா, ஒத்தைக்கு ஒண்ணால?" என்றான் எசக்கிமுத்து.

"ஒத்தைக்குத்தான். எடதும் வலதும் ஒரே சீட்டுலயா உக்காந்து வந்திருக்கும்?" என்றான் நல்லபெருமாள்.

ஆறு டிக்கெட் வாங்கி, பூட்ஸுக்கு ஒன்றாக உள்ளே வைத்தார்கள். காலை நுழைக்கப்போன பட்டமுத்துவை நல்லபெருமாள் தடுத்தான். "கால விட்டா டிக்கெட்டு மறைஞ்சிரும்ல. செக்கிங்குக்கு வந்தவன் எதப் பாப்பான்?"

ஆகவே பூட்ஸைக் கையில் ஏந்திக்கொண்டு, வெறுங்காலோடு பனியில் நடந்து வீடு வந்து சேர்ந்தார்கள். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பட்டமுத்து ஒரே பாய்ச்சலாக வாசல்படியில் காலை வைத்தான்.

"நில்லுல!" என்றான் நல்லபெருமாள். "பூட்ஸக் கழத்திட்டுத்தான் உள்ள போணும்னு அந்தம்மா சொன்னால்லா? போடாததை எப்படில கழத்துவ?"

மூவரும் டிக்கெட்டுகளை எடுத்துப் பல்லில் கவ்விக்கொண்டு, பூட்ஸை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டினார்கள். பிறகு அவிழ்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.