டெல்பின் வரைந்த கடல்

"இப்படி மினுங்குற கடலை வரைய உங்களுக்கு எப்படி மனசு வருது, டீச்சர்?"

டெல்பின் கேட்டதும் ராகினியின் தூரிகை நின்றது.

மணப்பாட்டுக் கரை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ராகினியின் படத்தில் மீன்பிடி வள்ளத்துக்குக் கோடு இல்லை, அலைக்கும் கோடு இல்லை. மஞ்சளும் நீலமும் வெள்ளையுமாகத் தொட்டுத் தொட்டு வைத்த பொட்டுகள்தாம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் சேர்ந்து வெயிலடிக்கிற கடலாகிவிடும். பிரெஞ்சு ஓவியர்கள் வெட்டவெளியில் நின்று கண்டுபிடித்த பாணி என்று சொல்லித்தான் அதைக் கற்றுக்கொடுத்தாள்.

கற்க வந்தவர்களில் டெல்பின்தான் மூத்தவள். ராகினிக்கு அம்மா வயது இருக்கும். கடலுக்குப் போன கணவன் சேவியர் திரும்பாமல் போன பிறகு, வீட்டு வாசலைத் தாண்டாமல் கிடந்தவளை மகள்தான் வற்புறுத்தி அனுப்பினாள்.

டெல்பினின் தாளில் கடல் எப்போதும் கறுப்பு. ராகினி ஒருநாளும் குறை சொன்னதில்லை.

"உங்களுக்குத் தெரியிற மாதிரி வரைங்கக்கா" என்பாள்.

இன்று டெல்பினால் பொறுக்க முடியவில்லை.

"எங்க வீட்டு அவியளத் தின்ன கடல் இது. நான் இதுக்கு மஞ்சள் பூசுனா, மன்னிச்ச மாதிரி ஆயிரும்."

ராகினி தூரிகையைக் கீழே வைத்தாள். தன் படத்தை ஸ்டாண்டிலிருந்து கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தாள். அங்கே டெல்பினுக்கு வெள்ளைத் தாள் ஒன்றை மாட்டினாள். அவள் முகத்தில் வெயில் படாதபடி குடையை நகர்த்தி ஊன்றினாள். பிறகு பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தாள்.

டெல்பின் கறுப்பைத் தொட்டெடுத்தாள். தாளருகே போன கை அப்படியே நின்றது.

"அன்னைக்குப் புயலாக்கா?" மெதுவாகக் கேட்டாள் ராகினி.

"எங்க புயல்? இதே மாதிரி வெயில்தான். காத்தே இல்ல. 'கடலப் பாரு டெல்பின், கண்ணாடி கணக்கா கெடக்கு'ன்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டிட்டுத்தான் வள்ளத்த எறக்குனாவ."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல. உலை கொதிச்சிட்டிருந்துச்சு. அப்புறம் பாக்கேன்னேன்."

அலை வந்து கால்களை நனைத்துவிட்டுப் போனது. டெல்பின் தலை தூக்கிக் கடலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு தூரிகையைத் தண்ணீரில் விட்டு, கறுப்பு போகும்வரை அலசினாள்.

"அந்த மஞ்சள இங்கிட்டுத் தள்ளுங்க" என்றாள்.