உச்சிக்கிளைக் கூட்டம்

மந்தியும் ஆமையும் ஆந்தையும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தன. காட்டின் நடுவே, தாமரைக் குளத்தை ஒட்டி இருந்தது அந்தப் பல்கலைக்கழகம்.

மாதுளை என்ற மந்திதான் ஆராய்ச்சி மாணவர் சங்கத்தின் தலைவி. வாரந்தோறும் மத்தியானத்தில், பெரிய மருதமரத்தின் உச்சிக்கிளையில் அது கூட்டம் கூட்டும். பழம் தின்றுகொண்டே, யார் ஆராய்ச்சி எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பேசுவார்கள். ஒருவருக்கொருவர் யோசனை சொல்வார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று மாதுளை பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். வருவதென்னவோ குரங்குகளும் அணில்களும்தான். மற்றவர்களுக்கு ஆர்வமில்லை போலும் என்று அது விட்டுவிட்டது.

ஒருநாள் தண்ணீர் குடிக்க இறங்கிய மாதுளை, குமிழி என்ற ஆமை காட்டைவிட்டுப் போகும் பாதையில் ஊர்வதைப் பார்த்தது. எங்கே பயணம் என்று கேட்டது. ஆராய்ச்சியை விட்டுவிட்டேன், ஊருக்குப் போகிறேன் என்றது ஆமை. குளத்தின் வடகரையில் மட்டும் தாமரை ஏன் வாடுகிறது என்பதுதான் அதன் ஆராய்ச்சி. தலைகீழாக நின்றும் காரணம் பிடிபடவில்லை. மனம்விட்டுப் பேச ஒரு துணையும் இல்லை.

"கூட்டத்துக்கு வந்திருக்கலாமே. உன்னை யார் வேண்டாம் என்றார்கள்?" என்றது மாதுளை.

"யாரும் சொல்லவில்லை. மரம்தான் சொன்னது."

மாதுளைக்குச் சுருக்கென்றது. இன்னும் கொஞ்ச நாள் மட்டும் பொறுத்துப் பார் என்று கெஞ்சி, ஆமையைத் திருப்பி அழைத்து வந்தது.

அடுத்த கூட்டத்தன்று, கொடிகளால் ஒரு கூடை பின்னி, அதில் ஆமையை உட்காரவைத்து, குரங்குகள் எல்லாம் சேர்ந்து மேலே இழுத்தன. கூடை இப்படியும் அப்படியும் ஆடியது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. உச்சிக்குப் போன பிறகும் வெளியே எடுக்கவில்லை. ஓர் அணில் ஓட்டைத் தட்டி நாவற்பழம் வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தது.

தரையில் இறங்கிய பிறகுதான் ஆமைக்கு மூச்சு வந்தது. "உனக்கு நல்ல மனசுதான், மாதுளை. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அதன்பின் மாதுளை கேட்கக் கிளம்பியது. பொந்தில் உறங்கிய இருளப்பன் என்ற ஆந்தையை எழுப்பி, கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்று விசாரித்தது. ஆந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"உங்களுக்கு மத்தியானம். எனக்கு அது நடுச்சாமம், அம்மா."

இனிக் கூட்டம் குளக்கரையில், பொழுது சாயும் நேரத்தில் என்று மாதுளை அறிவித்தது. குரங்குகள் முணுமுணுத்தன. கீழே காற்றே வராது என்றது ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு. ஒரு தேக்கிலையைப் பறித்து வந்து விசிறிக்கொள்ளச் சொன்னது மாதுளை. கடுவன் இரண்டு இலைகளோடு வந்து, ஒன்றை ஆமையிடம் நீட்டியது.

அன்று ஆமை பேசியது. மெல்ல மெல்லப் பேசியது. குறுக்கே பாயத் துடித்த அணிலின் வாலை மாதுளை பிடித்துக்கொண்டது. ஆமை முடித்ததும் ஆந்தை தொண்டையைக் கனைத்தது. வடகரைச் சேற்றில்தான் காட்டுப்பன்றி இரவெல்லாம் புரள்கிறது, தாமரைக் கிழங்குகள் மிதிபடாமல் என்ன செய்யும் என்று கேட்டது.

"நீங்கள் எல்லாம் தூங்கிவிடுகிறீர்கள். நான் தினமும் பார்க்கிறேன்."

ஆமையின் கழுத்து அதுவரை அவ்வளவு நீண்டதை யாரும் பார்த்ததில்லை. ஊருக்குப் போகும் பேச்சை அது அப்புறம் எடுக்கவே இல்லை.

பன்றியை விரட்டுவோம் என்று குரங்குகள் எழுந்தன. மாதுளை தடுத்தது. பன்றியும் இதே பல்கலைக்கழகத்தில் மண்ணை ஆராயும் மாணவன்தான். அதை யாரும் கூட்டத்துக்கு அழைத்ததே இல்லை. மறுநாள் மாதுளை அதைத் தேடிப் போனது. எங்கே உட்கார்ந்தால் உனக்கு வசதி என்று முதலில் கேட்டது. இப்படி ஒருவரும் தன்னைக் கேட்டதில்லை என்று பன்றி கூச்சப்பட்டது. தாமரை வாடும் சங்கதி அதற்குத் தெரியவே தெரியாதாம். இனித் தாமரை இல்லாத தென்கரைச் சேற்றிலேயே புரள்கிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டது.

அடுத்த கூட்டத்துக்குப் பன்றி உடம்பெல்லாம் சேறோடு வந்து நின்றது. எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து அதற்கு இடம் விட்டார்கள்.

நீதி: வா என்று அழைத்தால் மட்டும் போதாது, வருகிறவரைக் கேட்டு, அவர் வரக்கூடிய வழியையும் அமைத்துத் தர வேண்டும்.