அடியில் மா, மேலே மா

மலையடிவாரக் காட்டில் தொப்பையன் என்ற கரடிக்கு அன்று ஒரே கவலை. அவன் பெண்டாட்டி பூவாத்தா காய்ச்சலில் படுத்ததிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கிழங்கு வேண்டாம் என்றாள். ஈசல் வேண்டாம் என்றாள். இப்படியே போனால் இவள் பிழைப்பாளா என்று அவன் உள்ளுக்குள் பயந்து செத்தான். ஒருவழியாக அன்று காலை அவள் வாய் திறந்தாள்.

"எங்கம்மா சுடுற மாம்பழ அடை கிடைச்சா ரெண்டு வாய் சாப்பிடுவேன்."

"நானே சுடுறேன். எப்படின்னு சொல்லு."

"சட்டியில அடியில மா, மேல மா, நடுவுல தேன். மூடிபோட்டு, மூடிமேலயும் தணல் வைங்க. அவ்வளவுதான்."

பூவாத்தா மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் பிறந்தவள். அவள் பேச்சில் பாதி தொப்பையனுக்கு விளங்காது. அதைச் சொல்லத்தான் அவனுக்கு வெட்கம். "புரியுது, புரியுது" என்று பெரிதாகத் தலையாட்டிவிட்டுக் குகைக்கு வெளியே வந்தான்.

கோடை முடிகிற நேரம். மரத்தில் ஒரு பழம் பாக்கியில்லை. குகையில் இருந்த ஒரு கூடைப் பழம்தான் மிச்சம்.

"அடியிலயும் மா, மேலயும் மாவாமே. என்ன அர்த்தம்?" என்று அணிலைக் கேட்டான்.

"இதுல என்னண்ணே குழப்பம்? மான்னா மாம்பழம். கீழயும் பழம், மேலயும் பழம்!" என்றது அணில்.

தொப்பையன் பாதிக் கூடையைச் சட்டியில் கொட்டித் தேனை ஊற்றினான். சற்று நேரத்தில் சாறு பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. சட்டியில் கஞ்சிபோல் ஏதோ கொழகொழவென்று கிடந்தது.

அந்த வழியாக வந்த எலி எட்டிப் பார்த்து, நடந்ததைக் கேட்டுச் சிரித்தது.

"பழம் எப்படி அடையாகும்? அவ சொன்னது மாவு. என்கிட்ட தினை மாவு இருக்கு, தர்றேன். கீழயும் மாவு, மேலயும் மாவு."

அதுவும் சரியாகத்தான் பட்டது. சுட்டு எடுத்தான். கடித்துப் பார்த்தான். பல் ஆடியது.

அவன் திகைத்து, "அடியில மா, மேல மா" என்று முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கிளி வந்து கிளையில் அமர்ந்தது. ஊருக்குள் ஒரு புலவர் வீட்டுக் கூண்டில் வளர்ந்ததாம். அந்தப் பெருமை அதற்கு நிறைய உண்டு.

"மா என்றால் விலங்கு என்றும் பொருள் உண்டு" என்றது கிளி. "அடியில் ஒரு விலங்கு, மேலே ஒரு விலங்கு."

தொப்பையன் அணிலைப் பார்த்தான். பிறகு எலியைப் பார்த்தான். இரண்டும் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டன.

இப்போது அவனுக்கு எது மா, எது மாவு, தான் யார் என்பதே குழம்பிவிட்டது. மீதிப் பழத்தையும் பாழாக்கினால் அடுத்த கோடை வரைக்கும் அவள் எதைச் சாப்பிடுவாள்? அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

"என்னங்க, புகையா?" என்று உள்ளிருந்து மெலிந்த குரல் கேட்டது.

"புகை இல்ல, பூவாத்தா. நீ சொன்னது எனக்குப் புரியவே இல்ல. அந்த மா எது?"

உள்ளே பூவாத்தா சிரித்தாள். காய்ச்சல் வந்தபின் அவள் சிரிப்பது அதுதான் முதல் தடவை.

"கீழ மாம்பழம், மேல மாவு. எங்க காட்டுல ரெண்டையும் மான்னுதான் சொல்லுவோம். இதைக் காலையிலேயே கேட்டிருக்கலாமே?"

மீதிப் பழத்தை அடியில் அடுக்கித் தேனை ஊற்றி, எலி தந்ததில் எஞ்சிய மாவைப் பிசைந்து மேலே பரப்பினான். மூடிமேல் தணலைக் குவித்தான். மேலே பொன்னிறமாக வெந்து, ஓரத்தில் பழச்சாறு கொப்பளித்தது. பூவாத்தா எழுந்து உட்கார்ந்து, கேட்ட ரெண்டு வாயோடு நிற்காமல் சட்டியை வழித்து நக்கினாள்.

புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு ஊரெல்லாம் விளக்கம் கேட்பதைவிட, சொன்னவரிடமே வெட்கப்படாமல் இன்னொரு முறை கேட்டுவிட வேண்டும்.